மினுக்கரும் ஒன்பதாவது தட்டும்

அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த வடக்குத் தமிழர்களில் பொய் சொல்லாதவர் ஒரேயொருவர்தான். அவருக்குப் பெயர் மினுக்கர். மற்ற எல்லாரும் பொய்யர்கள். நானும் பொய்யன். இதை வாசிக்கிற நீங்கள் அப்போது வெள்ளவத்தையில் இருந்திருந்தால் நீங்களும்தான். கோபிக்க வேண்டாம், கோபித்தாலும் எனக்குக் கவலையில்லை.

பொய் சொல்லாமல் இருக்க வழியில்லை. ஊரிலிருந்து வந்து லொட்ஜில் தங்குகிறவன் பொலிசில் பதிய வேண்டும். பதிகிற படிவத்தில் ‘கொழும்பில் தங்குவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘ஊரில் குண்டு விழுகிறது, சாகப் பயமாக இருக்கிறது’ என்று அதில் எழுத முடியாது. அதை அவர்கள் காரணமாக எடுக்க மாட்டார்கள். ஆகவே எங்கள் லொட்ஜ் மனேச்சர் மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தார். வைத்தியம், வெளிநாட்டுப் பயணம், படிப்பு. வருகிறவனின் தலைமயிரைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பார். நரைத்தவனுக்கு வைத்தியம். நரைக்காதவனுக்கு வெளிநாடு. எனக்கு முப்பது வயதில் கணக்கியல் படிப்புக் கிடைத்தது. உண்மையில் நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். லொட்ஜில் பதினேழு பேருக்கு இருதய நோய். பதினேழு பேரும் தண்ணீர் நின்றால் வாளியோடு மூன்று மாடி ஓடி ஏறுவார்கள்.

மினுக்கர் மட்டும் தன் கையால், முத்து முத்தாக எழுதினார்: ‘ஒரு ஆங்கிலப் பாட்டுக் கோஷ்டியின் ஒன்பதாவது இசைத்தட்டைத் தேடுவதற்கு.’

மனேச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அண்ணை, உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு போடுவம். எல்லாருக்கும் வாறதுதானே.”

“எனக்குச் சீனி இல்லையே.”

“அப்ப பிறசர்.”

“அதுவும் இல்லை, தம்பி. என்னட்டை இல்லாதது அந்தத் தட்டு ஒண்டுதான்.”

படிவத்தை வாங்கிய சார்ஜன் வாசித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்த சந்தோசத்தில் ஒரு மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். உண்மையான இருதய நோயாளி ஒருவர் அன்றைக்கு அங்கே மூன்று மணித்தியாலம் நின்றார். மினுக்கர் பத்து நிமிசத்தில் வெளியே வந்தார்.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐம்பது வயதுக்குக் கிட்ட. ஒல்லி. வெள்ளைச் சேட்டைக் கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருப்பார். இருபத்தைந்து வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர் வேறு எப்படி இருப்பார். அவருடைய சூட்கேசைத் திறந்தால்தான் விசயம் வெளியே வரும்.

எழுபதுகளில் இங்கிலாந்தில் கிளாம் ரொக் என்று ஒரு கூத்து நடந்தது. ஆம்பிளைகள் கண்ணுக்கு மை பூசி, கன்னத்தில் மினுமினுப்புத் தூள் அப்பி, வெள்ளிக் காற்சட்டையும் அரை அடிக் குதிச் சப்பாத்தும் போட்டு மேடையில் நின்று கத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் டின்சல் டியூக்ஸ் என்று நாலு பேர். லொட்ஜில் நாங்கள் அதைச் சரிகைச் சீமான்கள் என்று ஆக்கிவிட்டோம். இந்த நாலு பேரையும் நம்பித்தான் எங்கள் மனிதர் உயிர் வாழ்ந்தார்.

அவர்களை அவருக்கு அறிமுகப்படுத்தியது தபால் திணைக்களம். மலைநாட்டில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் அவர் கிளாக்காக இருந்தபோது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். துரை போனாலும் அவர் சந்தா கட்டியிருந்த லண்டன் பாட்டுப் பத்திரிகை நிற்கவில்லை. வாராவாரம் கப்பலில் மூன்று மாதம் பிந்தி வந்துகொண்டிருந்தது. ஆளில்லாத அச்சுத்தாளை எரிக்க வேண்டும் என்பது சட்டம். மினுக்கர் எரிக்கவில்லை. வாசித்தார். சந்தா முடிந்து பத்திரிகை நின்ற பிறகு, எரிக்காததைத் தானே போய் மேலதிகாரியிடம் சொன்னார். மேலதிகாரி அவரை முல்லைத்தீவுக்கு மாற்றினார். பத்திரிகைக் கட்டும் கூடவே போனது.

நாட்டில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. ஆனாலும் கப்பல்காரர்களிடமும், அவுஸ்திரேலியாவுக்குப் போகிற, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளிலும் அலைந்து, சரிகைச் சீமான்களின் சிங்கிள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சிங்கிள் என்றால் பக்கத்துக்கு ஒரு பாட்டு வருகிற சின்னத் தட்டு. எட்டுச் சேர்ந்தது. ஒவ்வொரு பின்னேரமும் பழைய வேட்டித் துண்டால் எட்டையும் மினுக்குவார். மினுக்கர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. துரை கட்டிய சந்தா முடிந்த வாரம் வந்த கடைசிப் பத்திரிகையில், ‘ஒன்பதாவது தட்டு அடுத்த மாதம்’ என்று இருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. பதினேழு வருடமாகத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஊரிலிருந்து வெளியே வர, ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். அங்கேயும் காரணம் கேட்டார்கள். அங்கேயும் இதையே சொன்னார். பைத்தியம் என்று பாஸ் கொடுத்துவிட்டார்கள். கிளாலியில் வள்ளம் ஏறியபோது மற்றவர்கள் மடியில் காணி உறுதிப் பத்திரமும் நகையும் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இவர் தலையில் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு இருந்தார். பாரம் கூடிப்போச்சு, அதைத் தண்ணியில் போடு என்று வள்ளம் ஓட்டி கத்தினானாம். வேண்டுமென்றால் என்னைப் போடு என்று இவர் சொன்னாராம்.

“ஒன்பதாவது கிடைச்ச அண்டைக்கே நான் ஊருக்கு வெளிக்கிட்டிடுவன்,” என்று லொட்ஜில் எல்லாரிடமும் சொல்லுவார். “பிறகு எனக்கு இஞ்சை என்ன வேலை?”

நாங்கள் சிரிப்போம். அப்போது அது பகிடி.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மினுக்கர் ஒரு பத்திரிகை எடுத்து வாசித்துத் தமிழில் சொல்லுவார். வாரத்துக்கு ஒன்றுதான். இரண்டாவது கேட்டால் தர மாட்டார். முதலில் அவரை நக்கலடிக்கத்தான் கூடினோம். இரண்டு மாதத்தில் நாற்பது பேரும் நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டோம். “இந்தக் கிழமை விற்பனையில எங்கட பெடியள் நாலாம் இடம்” என்பார். போன கிழமை பதினொன்று. லொட்ஜே கைதட்டும். ட்ரம்ஸ் அடிக்கிறவரை மேடையின் பின்மூலையில் இருத்தியதால் அவருடைய வெள்ளிக் காற்சட்டை சனத்துக்குத் தெரியவில்லை. அதனால் அவர் கோஷ்டியை விட்டுப் போகப்போகிறார் என்று ஒரு வாரம் செய்தி. லொட்ஜ் இரண்டாக உடைந்தது. ஷெல் விழுந்து தன்னுடைய அரிசி மில்லை இழந்துவிட்டு வந்த ஒருவர், ட்ரம்ஸ்காரருக்காக மனேச்சரோடு சண்டை பிடித்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மில்லுக்காக அவர் அழுது நான் பார்க்கவில்லை.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊருக்கு என்ன நடக்கப்போகிறது என்று எங்களுக்கு எவனும் சொல்லவில்லை. ட்ரம்ஸ்காரருக்கு என்ன நடக்கப்போகிறது என்று அடுத்த ஞாயிறு தெரிந்துவிடும்.

இதில் பெரிய கூத்து, எட்டுத் தட்டு வைத்திருந்த மனிதரிடம் அதைப் போட்டுக் கேட்க ஒரு பிளேயர் இல்லை. கொட்டாஞ்சேனையில், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரிடம் பழைய பிளேயர் இருந்தது. அவரைச் சவுண்ட்காரர் என்போம். மினுக்கர் தட்டுகளை அங்கேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, ஞாயிறு பின்னேரங்களில் போய்க் கேட்பார். துணைக்கு நான் போவேன். வழியில் காவலரண்களில் மறித்தால் சிங்களத்தில் பேச ஆள் வேண்டும், அவருக்கு விளங்கும், பேச வராது. புறக்கோட்டைத் துணிக்கடை எனக்கு அதையாவது கற்றுத்தந்திருந்தது.

ஒருநாள் சவுண்ட்காரர் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டு, கடைக்கு வருகிற வயரைக் கழற்ற மறந்துவிட்டார். மினுக்கர் நாலாவது தட்டைப் போட்டார். தெரு முழுக்கச் சரிகைச் சீமான்கள் அலறினார்கள். சாமி வீதியில் நிற்கிறது, நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டார். கோயில் தர்மகர்த்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, எவன் இதைச் செய்தது என்று கேட்டார். சவுண்ட்காரர் மேசைக்குக் கீழே எதையோ தேடினார். நான் சுவரைப் பார்த்தேன். மினுக்கர் எழுந்து நின்றார்.

“நான்தான் ஐயா. இது நாலாவது தட்டு. ரெண்டாம் இடம்வரைக்கும் போனது.”

அடிக்க வந்த மனிதர் குழம்பிப்போனார். “அப்ப முதலாம் இடம் ஆர்?” என்று கேட்டுவிட்டார்.

ஒன்பதாவதைத் தேடி அவர் போகாத வீடில்லை. எந்தப் பறங்கிக் குடும்பம் மெல்பேர்னுக்குப் போகிறதென்று அறிந்தாலும் போய்க் கதவைத் தட்டுவார். கிருலப்பனையில் ஒரு கிழவி, இவர் பியானோவை ஏற்ற வந்த ஆள் என்று நினைத்து முதுகில் கயிற்றைக் கட்டிவிட்டாள். மூன்று பேரோடு சேர்ந்து பியானோவை லொறியில் ஏற்றிவிட்டுத்தான் தான் வந்த காரியத்தைச் சொன்னார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவ கேக்கேல்லையே, தம்பி. தூக்கு எண்டா. தூக்கினன்.”

இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒரு விடியற்காலை பொலிசும் ஆமியும் வந்து, லொட்ஜ் இருந்த ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடைத்து எங்களை வெளியே வரிசையில் நிறுத்தினார்கள். முன்பும் நடந்ததுதான். பெயர், ஊர், காரணம். எல்லாரும் மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தோம். இந்த முறை வந்த அதிகாரி புது ஆள். சிரிக்கிற ஆள் இல்லை. சிங்களம் தெரிந்தவன் யார் என்று கேட்டு என்னை இழுத்து முன்னால் விட்டான். மினுக்கரின் முறை வந்தது. ஒன்பதாவது தட்டுக்காக வந்தவன் என்று அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

சூட்கேசைத் தார் ரோட்டில் கவிழ்த்தார்கள். பத்திரிகைகள் பறந்தன. முகத்தில் வெள்ளி பூசிய ஒருவனின் படத்தைப் பூட்ஸால் மிதித்து, இது ஆணா பெண்ணா என்று அதிகாரி கேட்டான். அவர் ட்ரம்ஸ் அடிக்கிறவர் என்று மினுக்கர் பதில் சொன்னார். அடுத்து ஒரு கொப்பி அகப்பட்டது. சரிகைச் சீமான்கள் வாராவாரம் எத்தனையாம் இடத்தில் நின்றார்கள் என்று அதில் எழுதி வைத்திருந்தார். 31, 19, 11, 4, 2, 2, 7. பக்கத்தில் மேலே ஏறினால் ஓர் அம்பு, கீழே இறங்கினால் ஓர் அம்பு. நூற்றுக்கணக்கான பக்கம். அதிகாரி வெகுநேரம் புரட்டினான். பிறகு மினுக்கரின் அடையாள அட்டையை எடுத்து அதிலிருந்த பெயரை வாசித்து, என்னைப் பார்த்தான்.

“தன்னவத மெயாவ?”

இந்த ஆளைத் தெரியுமா. அவ்வளவுதான் கேள்வி. தெரியும் சேர், இது வெறும் பாட்டுக்காரர்களின் கணக்கு, ஒவ்வொரு ஞாயிறும் நான் இவரோடு இருந்து கேட்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதும். அவன் வாசித்த பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். அதைப் பிடித்துக்கொண்டேன்.

“தன்னே நே, சேர்.”

தெரியாது. எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ட்ரம்ஸ்காரருக்காகப் பட்டினி கிடந்தவரும் நின்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மினுக்கரை ஜீப்பில் ஏற்றினார்கள். பத்திரிகைகளையும் கொப்பியையும் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். அவை திரும்பி வரவேயில்லை. தட்டுகள் கொட்டாஞ்சேனையில் இருந்ததால் தப்பின.

ஏழு கிழமை அவர் உள்ளே. இரண்டாவது கிழமையே மனேச்சர் அவருடைய கட்டிலில் வேறொருவரைப் போட்டார். ஞாயிறு மத்தியானங்களில் எல்லாரும் படுத்துக் கிடந்தோம். யாரும் அவருடைய கதையை எடுக்கவில்லை. நாங்கள் பயந்தவர்கள் என்று சொன்னால் அது மரியாதையான சொல். கேவலமானவர்கள்.

ஒருநாள் காலை நடந்து வந்தார். சேட்டுக் கழுத்துப் பட்டன் இல்லை. விசாரித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டார்களாம். மனேச்சர் வலது பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார், அவர் திரும்பவில்லை. வலது காது போய்விட்டது. எப்படிப் போனது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை, எங்களுக்கும் அறிவு இருக்கிறதுதானே.

மாதம் முடிந்து மறுபடி பதியப் போனோம். காரணம் என்ற கட்டத்தில் மினுக்கர் ‘வைத்தியம்’ என்று எழுதினார். அவருக்கு இப்போது அது உண்மை. ஒருவரும் சிரிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து காலி வீதி பஸ் தரிப்பில் நின்றபோது நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன். “அண்ணை, அண்டைக்கு நான்…”

“கேட்டது,” என்றார். “அப்ப எனக்கு ரெண்டு காதும் கேட்டது.”

 அவர் பேருந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீர் பொய் சொல்லேல்லைத் தம்பி. என்ர பேர் உமக்குத் தெரியாதுதானே.”

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, அதுதான் கொடுமை. உட்கார்ந்து யோசித்து, நான் சொன்னது கணக்குப்படி சரி என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். சவுண்ட்காரர் அவரைக் கண்டு அழுதுவிட்டார். மினுக்கர் ஒரு தட்டைப் போட்டு, இடது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

“ஒரு பக்கம் போதும்,” என்றார். “உம்மட செற் மோனோதானே.”

நாலு மாதத்தில் ஆஸ்பத்திரி கையை விரித்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வரத் தேவையில்லை என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மினுக்கர் அந்தத் துண்டைக் காட்டி, வைத்தியம் முடிந்துவிட்டது, இனித் தட்டு மட்டும்தான் காரணம் என்றார். பொலிஸ் மேசையில் பழைய சார்ஜன் இருந்தார். தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்தினார். அந்த மாதங்களில், ஊருக்குப் போக இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலில், வள்ளத்தில் போகிற சனத்தை நேவிக்காரர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மினுக்கருடைய ஊர்ப்பக்கம் ஷெல் விழாத நாளில்லை. பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குக் கூரை இல்லை என்று கடிதம் வந்திருந்தது. அதனால் அவருக்கு ஒன்றும் மாறவில்லை. “கூரை இல்லாட்டி என்ன, வீடு இருக்குதானே. தட்டுக் கிடைச்சால் போகவேண்டியதுதான்” என்பார்.

அவருக்குக் காய்ச்சல் அடித்த ஒரு சனிக்கிழமை, அவருக்குப் பதிலாக நான் நுகேகொடைக்குப் போனேன். மெல்பேர்னுக்குப் போகிற ஒரு பறங்கிக் குடும்பம். தட்டு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் பீங்கான் சாமான்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்கு வைத்த ஒரு தேநீர்ப் போச்சியைச் சுற்றிய கடதாசியைக் கண்டதும் கிட்டப் போய்க் குனிந்தேன். அதே பத்திரிகை. மினுக்கரிடம் இருந்த கடைசித் தாளுக்குப் பிந்தியது. வாங்கி விரித்தேன்.

மூன்று வரிதான் இருந்தது. டின்சல் டியூக்ஸ் கலைந்துவிட்டார்கள். ஒன்பதாவது தட்டுப் பதிவு செய்யப்பட்டது, ஆனால் கொம்பனி அதை வெளியிடப் போவதில்லை. பாட்டுக்காரர் மாமனாரின் கம்பளக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

அப்படி ஒரு தட்டே உலகத்தில் இல்லை. எட்டுத்தான். எட்டும் அவரிடம் இருக்கிறது.

போச்சிக்கு வேறு கடதாசி சுற்றிக் கொடுத்துவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பஸ் கிருலப்பனை தாண்டும்வரை எனக்குச் சந்தோசம். பதினேழு வருடமாக அந்த மனிதர் தேடிய பதில் என் பையில் இருக்கிறது. போய்க் கொடுத்தால் நான் செய்ததற்கு ஒரு சின்னக் கழுவாயாவது ஆகும். பிறகுதான் புத்தி வந்தது. கொடுத்தால் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார். சூட்கேசை எடுப்பார். அவரை மறிக்க எவனாலும் முடியாது. காரணம் முடிந்த பிறகு ஒருநாள் கூடத் தங்க மாட்டார். நேரே கிளாலிக்குப் போய் வள்ளத்தில் ஏறி உட்காருவார்.

வெள்ளவத்தையில் இறங்கி, ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். கடலைக்காரர் ஒருவர் பழைய கொப்பித் தாளில் சுருள் செய்துகொண்டிருந்தார். தாளை அவரிடம் நீட்டினேன். நல்ல தடித்த தாள் என்று சந்தோசப்பட்டு நாலாகக் கிழித்தார். நாலு சுருளிலும் கடலை போட்டு நாலு பேருக்கு விற்று முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

நான் செய்தது சரியா என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஒரு மனிதனுடைய பதிலை அவனிடமிருந்து களவெடுத்தேன். தெரிந்துதான் செய்தேன். இன்றைக்கும் அதையே செய்வேன்.

லொட்ஜுக்குப் போனபோது மினுக்கர் போர்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

“நுகேகொடையில என்ன மாதிரி?”

“ஒண்டுமில்லை அண்ணை. பீங்கான்தான் இருந்தது.”

“அப்பிடியோ.” கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். “கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கப்பல்காரன்ர வீடு இருக்காம். நாளைக்கு வாறீரோ?”

“வாறன்.”

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் தேடினோம். ஒவ்வொரு மாதமும் படிவக் கட்டத்தில் அவர் அதே காரணத்தை எழுதினார். கடைசியில் வெள்ளவத்தையில், கட்டிலில், சாதாரண நிமோனியாவில் செத்தார். எங்கள் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் அப்படிச் சாகக் கிடைப்பது லேசில்லை. சாவதற்கு முந்திய கிழமைகூட வத்தளையில் ஒரு வீட்டுக்குப் போய்வந்தோம். ரோட்டில் போகும்போது அவர் ஐந்தாவது தட்டின் பின்பக்கப் பாட்டைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டு வந்தார். லொறிகள் போகிற பக்கம் அது, நடக்கக் கரைச்சல்தான். ஆனாலும் நான் அவருடைய இடது பக்கமாகவே நடந்தேன், கேட்கிற காதுப் பக்கம், அவர் கூப்பிட்டால் நான் ‘ஓம் அண்ணை’ என்பது உடனே கேட்க.